பையைச் சோதிக்கட்டும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உன் கிளை உன்னை லேபர் கட்சியின் லிவர்பூல் மாநாட்டுக்குப் பிரதிநிதியாகத் தெரிவுசெய்த சேதியை உன் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போனில் சொன்னா. சந்தோசத்தில் மாமியிடம் இரண்டாம் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. அதில் மாநாட்டைப் பற்றி நாலு வரிதான். மிச்சமெல்லாம் மாநாட்டு அனுமதி விண்ணப்பத்தின் மேல் உனக்கு வந்த கோபம். சொந்தக் கட்சியின் மாநாட்டுக்குப் போக ஏன் பொலிஸ் என்னைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சீட்டு இலக்கம் அவர்களுக்கு எதற்கு, இவ்வளவு பாதுகாப்புக்கும் யார் காசு கொடுப்பது, அந்த இலக்கத்தைக் கொடுக்கமாட்டேன் என்று நின்றால் என்ன என்று கேட்டிருக்கிறாய்.

விண்ணப்பத்தை முதலில் நிரப்பி அனுப்பு. கோபம் எங்கேயும் ஓடிவிடாது, காலக்கெடுதான் ஓடும். பிந்தினால் சரிபார்க்க நேரமில்லை என்பார்கள். லிவர்பூலில் ஹொட்டேல் அறைக்குள் இருந்து மாநாட்டைத் தொலைக்காட்சியில் பார்க்கவேண்டி வரும். பெயரை மட்டும் கவனமாக எழுது. உன் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு நிற்கிறது, வங்கி அட்டையில் அது முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கிறது, கட்சி அட்டையில் உன் பெயர் மட்டும்தான் என்று நினைக்கிறேன். கணினிக்கு அது மூன்று ஆள். கடவுச்சீட்டில் உள்ளபடி, ஒரு எழுத்தும் மாறாமல், எல்லா இடத்திலும் அதையே எழுது. இங்கே எங்கடை ஆட்களின் அனுமதி அட்டை பிந்துவதற்கு அரசியலைவிட அப்பா பெயர்தான் அதிகம் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனி உன் கேள்விகளுக்கு வருகிறேன்.

மாநாட்டைச் சுற்றிய இந்தப் பாதுகாப்பு வேலியெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இதை எதிர்க்கவும் கூடாது, ஏற்கவும் கூடாது. 1984 ஒக்டோபர் 12, விடியப்புறம் 2.54 மணி. பிரைட்டன் கடற்கரையில் கிராண்ட் ஹொட்டேல். கொன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டுக்கு வந்த பிரதமர் மார்கரட் தட்சரும் அமைச்சர்களும் அங்கேதான் தங்கியிருந்தார்கள். ஐரிஷ் குடியரசுப் படை வைத்த குண்டு வெடித்து, கட்டடத்தின் நடுப்பகுதி மேலிருந்து கீழ்வரை சரிந்தது. ஐந்து பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் சேர் அந்தனி பெரி. அமைச்சர் நோர்மன் டெபிட்டை இடிபாட்டுக்குள்ளிருந்து தூக்கி எடுத்தார்கள்; அவருடைய மனைவி மார்கரட் அதன் பிறகு எழுந்து நடக்கவில்லை. தட்சர் தப்பினார். காலையில் குறித்த நேரத்துக்கு மாநாட்டைத் தொடங்கச் சொன்னார். இரவு உடுப்போடு தெருவுக்கு ஓடிவந்த பிரதிநிதிகள் உடுப்பு வாங்கட்டும் என்று மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் கடையை வேளைக்கே திறந்துவிட்டார்கள். பிரிட்டிஷ்காரரின் பிடிவாதத்துக்கு அந்தக் காலையை இன்றும் உதாரணம் சொல்வார்கள். எனக்குத் தட்சரின் அரசியலில் ஒரு துளியும் உடன்பாடில்லை. ஆனால் அந்தக் காலையில் அவர் செய்தது சரி.

அந்தக் குண்டு எப்படி உள்ளே போனது என்பதைக் கவனி. பட்ரிக் மகீ என்பவர் செப்ரெம்பர் நடுப்பகுதியில், மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், பொய்ப் பெயரில் காசு கட்டிய விருந்தாளியாக அந்த ஹொட்டேலுக்கு வந்தார். அறை இலக்கம் 629. குளியல் தொட்டியின் பலகைக்குப் பின்னால் குண்டை மறைத்து, நீண்ட நேரக் கடிகையைப் பொருத்திவிட்டுப் போய்விட்டார். மாநாட்டு நாளில் வாசலில் ஆயிரம் பொலிஸ் நின்றிருந்தாலும் அதைக் கண்டிருக்காது. கண்டிருக்கக்கூடியது, மாநாட்டுக்கு முன்பே கட்டடத்தை அங்குலம் அங்குலமாகத் தேடுகிற அலுப்பான வேலை ஒன்றுதான். அந்தப் பாடத்தையும் பிறகு படித்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மக்களின் கண்ணுக்குத் தெரிந்த பாடம் வேலிதான். அதற்கடுத்த ஆண்டுகளில் மாநாட்டு மண்டபத்தையும் தலைவர்கள் தங்கும் ஹொட்டேலையும் சேர்த்து வளைத்து, இரும்பு வளையம் என்று பேர் வைத்து, உள்ளே போகக் கழுத்தில் அட்டை, வாசலில் விமான நிலையத்தில் போலச் சோதனை என்று ஒரு ஏற்பாடு வந்தது. அது பிறகு போகவேயில்லை.

இதனால் மாநாடுகள் ஊரையே மாற்றின. ஒரு காலத்தில் பிளாக்பூல், ஸ்கார்பரோ, போர்ன்மத், பிரைட்டன் என்று கடற்கரை ஊர்களில்தான் நடக்கும். கோடை முடிந்து வெறிச்சோடிப் போன விடுதிகளில் பிரதிநிதிகள் மலிவாகத் தங்குவார்கள். சிறிய விடுதிக்காரிக்கு அந்த ஒரு கிழமை வருமானம் பனிக்காலம் முழுவதும் காணும். லேபர் கட்சி 2002க்குப் பிறகும், கொன்சர்வேட்டிவ் கட்சி 2007க்குப் பிறகும் தங்கள் ஆண்டு மாநாட்டை பிளாக்பூலுக்குக் கொண்டுபோகவில்லை. பெரும்பாலும் மன்செஸ்டர், பர்மிங்காம், லிவர்பூல் என்று பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பழைய மண்டபம், வசதி குறைந்த ஹொட்டேல் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மண்டபமும் ஹொட்டேலும் ஒட்டி நின்று ஒரே வேலிக்குள் அடங்கவேண்டும் என்பது பெரிய காரணம். இந்தச் செலவைப் பாதுகாப்புக் கணக்கில் ஒருவரும் எழுதமாட்டார்கள். ஆனால் பிளாக்பூல் விடுதிக்காரி கட்டியது அதைத்தான்.

இனி 2005 செப்ரெம்பர் 28. திரும்பவும் பிரைட்டன், இந்த முறை நம்முடைய லேபர் மாநாடு. வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரோ மேடையில் நின்று ஈராக் போரை நியாயப்படுத்திக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இருந்த வோல்டர் வுல்ஃப்காங் என்ற 82 வயதுக் கிழவர் "முட்டாள்தனம்" என்று ஒரு சத்தம் போட்டார். அவர் ஜெர்மனியில் பிறந்த யூதர். சின்ன வயதில் நாசிகளிடமிருந்து தப்பி இந்த நாட்டுக்கு வந்து, பல தசாப்தங்களாகக் கட்சியில் இருந்தவர். இரண்டு தடியான காவலர்கள் வந்து அவரைக் கதிரையிலிருந்து கிளப்பி வெளியே கொண்டுபோனார்கள். கிழவரை விடுங்கோ என்று சொன்ன இன்னொரு பிரதிநிதியையும் சேர்த்து வெளியேற்றினார்கள். பிறகு கிழவர் திரும்பி உள்ளே வரப் பார்த்தபோது ஒரு பொலிஸ்காரர் மறித்தார். எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? பயங்கரவாதச் சட்டத்தின் கீழ். இதெல்லாம் தொலைக்காட்சியில் ஓடியது. அடுத்த நாள் பிரதமர் டோனி பிளேயர் மன்னிப்புக் கேட்டார். கிழவர் மண்டபத்துக்குத் திரும்பி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த ஆண்டே உறுப்பினர்கள் அவரைத் தேசிய நிர்வாகக் குழுவுக்கு வாக்குப் போட்டு அனுப்பினார்கள். இந்தக் கட்சியில் எனக்குக் கசப்பு வரும்போதெல்லாம் அந்த வாக்கைத்தான் நினைத்துக்கொள்வேன்.

வுல்ஃப்காங்கின் கதை எல்லாருக்கும் தெரியும், அதைக் கமெரா பிடித்தது. அதே மாநாட்டுக்கு வெளியே ஜோன் கட் என்ற இன்னொரு கிழவர், 80 வயது, பிளேயருக்கு எதிரான வாசகம் எழுதிய டீ-சேர்ட்டோடு நடந்துபோனார். பொலிஸ் அவரையும் அதே பயங்கரவாதச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ் மறித்துச் சோதித்தது. மறித்த காரணத்தைப் படிவத்தில் எழுதவேண்டுமல்லவா? பிளேயருக்கு எதிரான வாசகமுள்ள பதாகையும் டீ-சேர்ட்டும் என்றே எழுதினார்கள். அந்த நேர்மையை நான் மெச்சுகிறேன்! அந்த 44ஆம் பிரிவுக்குச் சந்தேகமே தேவையில்லை. குறித்த ஒரு வட்டாரத்துக்குள் எவரையும் மறிக்கலாம். 2010 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தனிவாழ்வு உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு வேறொரு இடத்தில், 2003இல் லண்டன் ஆயுதக் கண்காட்சிக்கு வெளியே மறிக்கப்பட்ட இரண்டு பேர் போட்டது. பிறகு நாடாளுமன்றம் 2012இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. ஜோன் கட்டும் விடவில்லை. எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத அந்த மனிதரின் பெயர் உள்நாட்டுத் தீவிரவாதிகள் பற்றிய பொலிஸ் தரவுத்தளத்தில் இருந்தது. ஆர்ப்பாட்டங்களுக்குப் போனார், அங்கே இருந்து படம் வரைந்தார் என்பவை அதில் இருந்த குறிப்புகள். அவர் உண்மையில் வரைபவர், போகிற இடத்தில் எல்லாம் வரைவார். இங்கே உச்ச நீதிமன்றத்தில் 2015இல் தோற்று, 2019இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றபோது அவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது.

இந்த இரண்டு கிழவர்களையும் இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பாதுகாப்புக்காரர் இரண்டு வேலை செய்கிறார்கள். பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஒன்று. நீ யார், என்ன நினைக்கிறாய், என்ன சொல்லப் போகிறாய் என்று பார்ப்பது மற்றது. முதலாவதற்கு நீ முகம் சுளிக்கக்கூடாது. பையைத் திற, கைக்கடிகாரத்தைக் கழற்று, சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் அதையும் கழற்று. அமைச்சருக்கும் உனக்கும் ஒரே இயந்திரம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. இரண்டாவதைத்தான் நீ இமை கொட்டாமல் பார்த்திருக்கவேண்டும். உன் விண்ணப்பத்தில் கடவுச்சீட்டு இலக்கம் கேட்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீ சொல்லும் ஆள்தான் நீ என்று பார்ப்பதோடு முடிந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை. எந்த ஆர்ப்பாட்டத்தில் நின்றாய் என்று தேடுவதற்கு அது கதவைத் திறந்தால் பிரச்சினை. எங்கே முடிகிறது என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுதான் கோளாறு.

இந்த எதிர்ப்பு உனக்கு மட்டும் தோன்றியதல்ல. லிபரல் டெமோக்கிரட் கட்சி கூட்டணி அரசில் இருந்த 2011இல், பர்மிங்காம் மாநாட்டுக்கு வருகிறவர்களைப் பொலிஸ் சரிபார்க்கவேண்டும் என்று வந்தபோது உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒரு கட்சியின் உச்ச அவைக்கு யார் வரலாம் என்பதைக் கட்சிதான் தீர்மானிக்கவேண்டும், அரசின் ஒரு கை அதைத் தீர்மானிக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். பழைய பெயர்களைக் கேட்பது திருநர்களை அம்பலப்படுத்தும் என்ற வாதத்தையும் சிலர் வைத்தார்கள். அதுவரை எனக்குத் தோன்றாத கோணம் அது. 2017இல் பிரைட்டனில் நம்முடைய மாநாட்டுக்கு ஒரு இளம் பத்திரிகையாளருக்குப் பொலிஸ் அனுமதி மறுத்தது. அவர் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் பொலிஸ் நடந்துகொண்ட விதம் சட்டத்துக்கு ஒவ்வாதது என்றது. அதற்குள் மாநாடு முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்த விசயத்தில் நீதி எப்போதும் மேடையைக் கழற்றி லொறியில் ஏற்றிய பிறகுதான் வந்துசேருகிறது.

இவ்வளவு சல்லடை போட்டும் என்ன கிடைக்கிறது என்றும் கேள். அதே 2017இல் மன்செஸ்டரில் பிரதமர் தெரேசா மே பேசிக்கொண்டிருக்கும்போது சைமன் புரொட்கின் என்ற நகைச்சுவைக்காரர் மேடைக்கு அருகே நடந்துபோய் ஒரு தாளை நீட்டினார். மே அதை வாங்கிவிட்டார். வேலையை விட்டுப் போகிறவருக்கு முதலாளி கொடுக்கும் பி45 படிவம் அது. அவர் வேலி பாய்ந்து வரவில்லை. கழுத்தில் முறையான அனுமதி அட்டையோடு வந்தார். 2023இல் லிவர்பூலில், நீ போகப்போகும் அதே ஊரில், கியர் ஸ்டார்மர் பேசத் தொடங்கும்போது ஒருவர் மேடையில் ஏறித் தோளில் மினுக்கத்தூளைக் கொட்டினார். ஸ்டார்மர் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுப் பேசினார். தூளாக இருந்தபடியால் நாமும் சிரித்தோம். ஒரு சத்தம் போட்ட கிழவரைத் தூக்கத் தெரிந்த பாதுகாப்பின் கண்ணில் இவர்கள் படவில்லை.

காசைப் பற்றிக் கேட்டாய். இங்கே வேலிக்கு உள்ளே நிற்கும் தனியார் காவலருக்குக் கட்சி கொடுக்கிறது. வெளியே நிற்கும் பொலிசுக்கான செலவில் பெரும்பகுதியை உள்துறை அமைச்சு சிறப்பு மானியமாகப் பொலிஸ் படைக்குக் கொடுக்கிறது. அதாவது நீயும் நானும் கட்டும் வரி. அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்து பொலிசைக் கொண்டுவருவார்கள், விடுப்பை இரத்துச் செய்வார்கள், மேலதிக நேரச் சம்பளம் ஏறும். எதிர்க்கட்சிகளும் ஆளுங்கட்சியும் இதில் ஒற்றுமை. எந்தக் கட்சியும் இந்தக் கணக்கை மேடையில் கேட்காது.

அமெரிக்காவில் எல்லாம் பெரிசு, கணக்கும் பெரிசு. ஆனால் அங்கே கணக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. 2004 முதல் அங்கே ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கும் மாநாடு நடக்கும் ஒவ்வொரு நகரத்துக்கும் பாதுகாப்புக்கென்று காங்கிரஸ் 5 கோடி டொலர் ஒதுக்கியது. இரண்டு கட்சி, இரண்டு நகரம், ஆகவே 10 கோடி. 2024இல் மில்வாக்கிக்கும் சிகாகோவுக்கும் அதைத் தலைக்கு 7.5 கோடியாக்கினார்கள். இந்தக் காசு எப்படிச் செலவாகிறது என்பதற்கு முதல் ஆண்டே போதும். 2004இல் பொஸ்டனில் ஆர்ப்பாட்டக்காரருக்கு ஒதுக்கிய இடம், கைவிட்ட மேம்பால ரயில் பாதைக்குக் கீழே, கம்பிவேலியும் வலையும் முள்ளுக்கம்பியும் போட்ட ஒரு பட்டி. அதை நேரில் போய்ப் பார்த்த சமஷ்டி நீதிபதி டக்ளஸ் வுட்லொக், பேச்சுரிமையின் ஆன்மாவுக்கே இது அவமதிப்பு என்று சொல்லிவிட்டு, அதை அப்படியே இருக்கவும் விட்டார். அந்த ஆண்டே நியூயோர்க்கில் குடியரசுக் கட்சி மாநாட்டின்போது 1,800க்கும் மேற்பட்டோரைக் கைதுசெய்து, பலரை ஹட்சன் ஆற்றங்கரையில் பழைய பஸ் தரிப்பிடமாக இருந்த 57ஆம் இறங்குதுறையில் அடைத்து வைத்தார்கள். பெரும்பாலான வழக்குகள் நிற்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 2014இல், நகரம் ஏறத்தாழ 1.8 கோடி டொலர் நட்டஈடு கொடுத்தது. 2008இல் மாநாடு நடந்த சென் போல் நகரம் இன்னும் புத்திசாலி. பொலிஸ் தவறு செய்தால் வரக்கூடிய வழக்குகளுக்கு முன்கூட்டியே 1 கோடி டொலருக்கு, மாநாட்டை வரவேற்ற ஏற்பாட்டுக் குழுவின் செலவில், காப்புறுதி எடுக்க வைத்தது. தவறு செய்வோம் என்று முதலே தெரிந்து தவணைப்பணம் கட்ட வைத்திருக்கிறார்கள்.

சிரிப்பு வருவதையும் சொல்கிறேன். 2016இல் கிளீவ்லண்ட் மாநாட்டைச் சுற்றிய வட்டாரத்துக்குள் டெனிஸ் பந்து கொண்டுவரத் தடை. ஆனால் துவக்கைத் தோளில் வெளிப்படையாகக் கொழுவிக்கொண்டு வரலாம், ஒஹாயோ மாநிலச் சட்டம் அதை அனுமதிக்கிறது. உள்வளையத்துக்குள் மட்டும்தான் துவக்குக்குத் தடை. எது ஆபத்தோ அதைத் தடுக்கவில்லை, எதைத் தடுக்க அதிகாரம் இருந்ததோ அதைத் தடுத்தார்கள். சிரிக்க முடியாததும் உண்டு. 2024 மில்வாக்கி மாநாட்டுக்குப் பாதுகாப்புக்கு வந்த ஆயிரக்கணக்கான வெளியூர்ப் பொலிசில், ஒஹாயோவின் கொலம்பஸ் நகரத்திலிருந்து வந்தவர்கள், மாநாட்டு வேலியிலிருந்து ஒரு மைல் அளவு தள்ளி, கையில் கத்தியோடு இன்னொருவரோடு தகராறில் நின்ற வீடற்ற மனிதர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் தெருவில் ஒஹாயோப் பொலிசுக்கு என்ன வேலை என்று அந்த வட்டாரத்து ஆட்கள் கேட்டார்கள்.

இப்படியென்றால் ஆபத்து பொய்யா என்று கேட்பாய். பொய்யில்லை. ஆனால் ஆபத்து எங்கே வந்தது என்று பார். 2010 மே 14, நான் இருக்கும் இந்தத் தொகுதியின் உறுப்பினர் ஸ்டீபன் டிம்ஸ் பெக்டன் நூலகத்தில் மக்கள் குறை கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இளம்பெண் கைகொடுப்பதுபோல் கிட்ட வந்து வயிற்றில் இரண்டு தரம் குத்தினாள். எங்கடை ஆட்கள் விசாக் கடிதத்தோடும் வீட்டுப் பிரச்சினையோடும் போய் வரிசையில் இருக்கும் சந்திப்பு அது. மனிதர் பிழைத்து, திரும்பவும் அதே சந்திப்புகளை நடத்தினார். 2016 ஜூன் 16, நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கொக்ஸ், பேர்ஸ்டல் நூலகத்துக்கு வெளியே. 2021 ஒக்டோபர் 15, இன்னொரு உறுப்பினர் டேவிட் அமெஸ், லீ-ஒன்-சீ ஊரில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில். அவர்கள் இரண்டு பேரும் பிழைக்கவில்லை. அங்கே வேலியும் இல்லை, அட்டையும் இல்லை. ஒரு உதவியாளர், சில கதிரைகள். தலைவர்கள் கூடும் நாலு நாளுக்கு நகரத்தை அடைத்துவிட்டு, வருசம் முழுவதும் நடக்கும் அந்தச் சந்திப்புகளை நீண்ட காலம் அப்படியே விட்டிருந்தார்கள். 2024 பெப்ரவரியில் அரசு உறுப்பினர்களின் பாதுகாப்புக்கு 3.1 கோடி பவுண் என்று ஒரு தொகையை அறிவித்தது. அதற்காக இனி நூலகத்துக்கும் இரும்பு வளையம் போட்டால், விசாக் கடிதத்தோடு போகும் கிழவி எங்கே போவாள் என்பதும் எனக்கு விடை தெரியாத கேள்விதான்.

இதில் நாங்கள் நல்லபிள்ளைகள் மாதிரிப் பேசவும் முடியாது. கட்சிக் கூட்டங்களில் குண்டு வெடிப்பது என்னவென்று இங்கிலாந்துக்காரரைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் ராஜீவ் காந்தி. 1993 மே தினத்தில் கொழும்பில் தன் கட்சியின் ஊர்வலத்தில் நின்ற ஜனாதிபதி பிரேமதாசா. அவரைக் கொன்றவன் வீட்டு ஆட்களோடு நெடுநாள் பழகி நெருங்கி வந்தவன். தெரிந்த முகம் என்று விட்டார்கள். 1999இல் சந்திரிகா ஒரு கண்ணை இழந்ததும் தேர்தல் கூட்டத்தில்தான். எங்கள் பெயரில் செய்தவை இவை. மண்டப வாசலில் உன் பையைக் கிண்டும் காவலரிடம் சலித்துக்கொள்ள முதல் இதை நினை.

அதே நாட்டில், ஆளைப் பார்க்கும் அந்த இரண்டாவது வேலையையும் கண்டோம். கொழும்பில் எங்கள் பையைப் பார்க்க முதல் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறந்த ஊர் எழுதியிருந்த இடத்தில் கண் நின்றது. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். காரணம் கேட்டால் பாதுகாப்பு.  உச்ச நீதிமன்றம் தடுத்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். உன் அம்மாவும் நானும் வேறு வேறு காலங்களில் எத்தனையோ சென்றிகளில் இறங்கி நடந்தவர்கள். ஊரை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்கப் பிணைக்கு ஆள் வைக்கச் சொன்ன காலமும் இருந்தது, அந்தப் பாஸைக் கேட்டது அரசாங்கம் இல்லை. அதனால்தான் உன் விண்ணப்பத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதைவிட, அதை வாசிப்பவர் யார், மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்பதில் எனக்கு அதிக அக்கறை.

லிவர்பூலில் நடந்துகொள்வதைப் பற்றிச் சிலது. வரிசை வெளியில்தான், ஆற்றுப் பக்கத்துக் காற்று காதைப் பிய்க்கும். தடித்த கோட் எடு. தண்ணீர்ப் போத்தல், வாசனைத் திரவியம், குடை எல்லாம் வாசலில் சண்டை. சின்னப் பையோடு போ. வாசலில் நிற்கும் காவலர்களில் பாதிப்பேர் நம்மைப்போல வந்த பிள்ளைகள். மணித்தியாலச் சம்பளத்துக்கு விடியமுதல் வந்து நிற்பவர்கள். சட்டம் எழுதியவர் மேலுள்ள கோபத்தை அவர்களிடம் காட்டாதே, காலை வணக்கம் சொல். வேலிக்கு வெளியே வந்தவுடன் கழுத்தட்டையைக் கழற்றிப் பைக்குள் வை. 2015இல் மன்செஸ்டரில் கொன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் மேல் முட்டை எறிந்தார்கள். அது தவறு, நம்முடைய ஆட்களில் சிலர் கைதட்டியபோதும் தவறுதான். வேலிக்கு வெளியே நிற்கும் ஆர்ப்பாட்டக்காரரோடு நின்று பேசு. என்ன கோரிக்கை என்று துண்டுப்பிரசுரத்தை வாங்கு. உள்ளே நாலு நாளும் கம்பனிக்காரரும் பரப்புரையாளரும் காசு கட்டி வாங்கிய அட்டையோடு உன் தோளை உரசிக்கொண்டு போவார்கள். வெளியே நிற்பவனிடம் அந்த அட்டைக்குக் காசில்லை. இந்த வேலி பயங்கரவாதியை மறிக்கிறதோ இல்லையோ, அவனை நன்றாக மறிக்கிறது.

உள்ளே யாராவது மேடைக்குச் சத்தம் போட்டு, காவலர் அவரைக் கிளப்ப வந்தால், நீ எழும்பிக் கட்டிப் புரளவேண்டாம். எழும்பி நின்று பார். எத்தனை பேர் எழும்பி நிற்கிறார்களோ அந்த அளவுக்குக் கைகள் மெதுவாகும். பக்கத்தில் இருப்பவரின் பெயரையும் கேட்டு வை, சாட்சிக்கு உதவும். மற்றவர் பேசும்போது மேடையை மறித்துக்கொண்டு நிற்பது வேறு. அதை நான் ஆதரிக்கவில்லை.

கடைசியாக, நீ செய்யக்கூடிய ஒரு வேலை. மாநாட்டு ஏற்பாட்டுக் குழு ஒவ்வொரு நாளும் அறிக்கை வைக்கும். அதன் மேல் பிரதிநிதிகள் கேள்வி கேட்கலாம். பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் கோப்பி வாங்கப் போய்விடுவார்கள். நீ போகாதே. கையைத் தூக்கி ஒலிவாங்கியைக் கேள். கிடைத்தால் மூன்றே கேள்வி: இந்த மாநாட்டுக்கு அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்; மறுத்தது கட்சியா, பொலிசா; மறுக்கப்பட்டவர் மாநாட்டுக்கு முன்பே முறையிட வழி உண்டா. போர், வரி, தலைவரின் குணநலம் எதையும் அதோடு சேர்க்காதே. சேர்த்தால் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவார்கள். உன் கிளைச் செயலாளரிடம் முதலே சொல்லி வை, அவர் வேண்டாம் என்றால் ஏன் என்று எழுத்தில் கேள்.

பதில் கிடைத்தால் எனக்கு எழுது. மழுப்பினால் மழுப்பிய சொற்களை அப்படியே குறித்து அனுப்பு, அடுத்த மாதம் எங்கள் கிளைக் கூட்டத்தில் அதை வாசிக்கிறேன்.

அன்புடன்,
மாமா